விதி என்று சொல்ல யாருக்கு உரிமை?

மரப்பட்டறையில் ஒரு பையனுக்கு விரல் போனால், அவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அவன் தாயும் அதையே சொல்கிறாள், பட்டறை முதலாளியும் அதையே சொல்கிறார்: விதி. இரண்டு பேர் வாயிலிருந்து வரும் இந்த ஒரே வார்த்தைக்கு ஒரே பொருள்தானா என்பதுதான் என்னை நெடுநாளாக அலைக்கழிக்கும் கேள்வி.

காரைக்குடிக்குப் பக்கத்தில் தச்சுப் பட்டறை நடத்துகிறேன். கதவு, ஜன்னல், நிலை செய்கிறோம். பழைய செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குச் சட்டங்களை வாங்கிச் சீவி மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிறோம். என் அப்பா இழைப்புளியால் ஒரு நாள் முழுக்கத் தள்ளிய வேலையை, இன்று சர்ஃபேஸ் பிளேனரும் திக்னஸ் பிளேனரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. அந்த மெஷின்களால் என் குடும்பம் பிழைக்கிறது. அவற்றைப் பழிக்க நான் வரவில்லை.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் நடந்தது இது. இருபது வயதைத் தாண்டாத ஒரு தம்பி, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ரீப்பர் துண்டைச் சர்ஃபேஸ் பிளேனரில் வைத்து வெறுங்கையால் தள்ளியிருக்கிறான். துண்டு பிளேடில் மாட்டிப் பின்னால் எகிறிவிட்டது. அதை அழுத்திக்கொண்டிருந்த கை, அழுத்த ஒன்றும் இல்லாததால் நேரே பிளேடின் மேல் விழுந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ரம்பத்தில் அறுந்த விரலைத் தண்ணீர் புகாத பையில் போட்டு ஐஸில் வைத்து எடுத்துப்போனால் சில சமயம் ஒட்டவைக்க முடிகிறது. பிளேனரில் அதற்குப் பெரும்பாலும் வழியில்லை. அது அறுப்பதில்லை, சீவுகிறது. எடுத்துப்போக எதுவும் மிஞ்சுவதில்லை.

நான் பார்க்கப் போனபோது அவன் அம்மா கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். "என் தலையெழுத்துண்ணே, நான் என்ன பாவம் பண்ணினேனோ" என்றார். அந்த வார்த்தையை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வராது, வரவும் கூடாது. மீட்க முடியாத ஒன்றைத் தாங்கிக்கொள்ள மனிதனுக்கு ஒரு சொல் வேண்டும். நம் முன்னோர் அதை இந்த மாதிரி நேரத்துக்குத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வராந்தாவில் முதலாளி நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே கட்டினார். "எல்லாம் விதி, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். அவர் மெஷினுக்குரிய கார்டு, அதாவது பிளேடை மூடும் தடுப்பு, மெஷின் வந்த புதிதில் கழற்றப்பட்டு, பட்டறைப் பரணில் கிடந்தது. அதைக் கழற்றியது அவர் கை. மறுபடி மாட்டக்கூடியதும் அவர் கைதான். அந்தக் கையில் என்ன இருந்தது என்று விதியைக் கேட்க வேண்டியதில்லை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு இரும்பு டேபிள்களுக்கு நடுவே ஒரு கட்டர் பிளாக் சுழல்கிறது. நிமிடத்துக்கு 4,000 முதல் 6,000 சுற்று வரை ஓடும். 5,000 சுற்றில் மூன்று பிளேடு உள்ள பிளாக் ஓடினால், ஒரு நொடிக்கு 250 வெட்டு. ஆபத்தைக் கண்டு கையை இழுக்க மனித உடம்புக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் 50 வெட்டு விழுந்துவிடும். பட்ட பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க இங்கே இடமே இல்லை.

அதனால்தான் அந்தப் பிளாக்கை மூடக் கார்டு வந்தது. ஒரு வகைக் கார்டு பாலம்போல் பிளாக்கின் குறுக்கே நிற்கும். பலகை அதன் அடியில் போகும், கை அதன் மேலே போகும். இன்னொரு வகை ஸ்பிரிங்கில் நிற்கும். மரம் தள்ளினால் விலகும், மரம் தாண்டியதும் தானாக மூடிக்கொள்ளும். இரண்டுமே ஆளின் புத்தியை நம்பிச் செய்யப்பட்டவை அல்ல. அவன் அசந்திருந்தாலும் அவை நிற்கும்.

மின்சாரத்துக்கு முன்பே இந்த மெஷினின் கதை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1791இல் மரம் இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் 1828இல் வாங்கினார். நெடுங்காலம் கையால் தள்ளும் பிளேனர்களில் கட்டர் பிளாக் சதுரமாக இருந்தது. சதுர இரும்பு சுழலும்போது டேபிளுக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். விரல் பட்டால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு உருண்டைப் பிளாக் வந்தது. பிளேடு வெளியே கொஞ்சமே நீட்டிக்கொண்டிருக்கும், இடைவெளியும் குறுகியது. கையால் தள்ளும் பிளேனருக்கு உருண்டைப் பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1922இல் விதிமுறை போட்டது.

இதில் ஒரு தத்துவக் கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சதுரப் பிளாக்கில் முழுக் கையை இழந்தவர்களின் தலையில் பிரம்மா அப்படி எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1922க்குப் பிறகு அதே வேலையைச் செய்தவர்களின் தலையில் அவர் வேறு மாதிரி எழுதத் தொடங்கினாரா? ஓர் இரும்புத் துண்டின் வடிவத்தை மாற்றியதும் மாறிவிடுகிற ஒன்றை விதி என்று சொல்வது, விதிக்கே செய்கிற அவமரியாதை. மனிதன் செய்து முடிக்க வேண்டிய வேலையைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது.

"வள்ளுவரே ஊழைவிடப் பெரிய வலிமை எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறாரே" என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். 38ஆம் அதிகாரம் முழுவதும் ஊழைப் பற்றியது. ஆனால் அதே வள்ளுவர் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்கிறவன் அந்த ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வான் என்கிறார். முன்னதை மட்டும் படித்துவிட்டுப் பின்னதை விடுவது நம் வசதிக்காகச் செய்கிற வேலை.

இந்த இரண்டையும்விட என் தொழிலுக்கு நெருக்கமானது 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. மகிழ்ச்சியிலும் மிதப்பிலும் கடமையை மறந்து சோர்ந்துவிடாமல் இருப்பதைப் பற்றிய பத்துக் குறள்கள் அதில் இருக்கின்றன. அதை வேலைக்காரனுக்குச் சொன்ன புத்திமதியாகத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பல முதலாளிகள் பட்டறைச் சுவரில் 'கவனம் தேவை' என்று எழுதி மாட்டுவதும் இந்த எண்ணத்தில்தான். ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தை வைத்திருப்பது பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில். அங்கே பேசப்படுவது அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவனுடைய சோர்வு. அரசன் மறந்தால் குடிகளுக்குக் கேடு. பட்டறையில் சுவிட்ச் போர்டும் சாவியும் காசும் யார் கையில் இருக்கின்றனவோ, அந்த இடத்துக்கு அவன்தான் அரசன். மறதியைப் பற்றிய கேள்வியை முதலில் அவனிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் முதலாளிகளாகிய எங்களுடைய இரண்டாவது தப்பு வழி இருக்கிறது. விதி என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "பையன் கவனமா இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். முதல் பதில் பழியைக் கடவுள் மேல் போடுகிறது, இரண்டாவது பதில் காயம்பட்டவன் மேலேயே போடுகிறது. இரண்டிலும் முதலாளி தப்பித்துவிடுகிறார்.

கவனம் என்பது என்ன லேசான சரக்கா? யானையையும் புலியையும் அடக்குவதைவிடச் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவர் பாடினார். பட்டினத்தாரும் மனத்தோடு மன்றாடித் தீர்த்திருக்கிறார். வாழ்நாள் முழுவதையும் அதற்கென்றே கொடுத்த ஞானிகளுக்கே கைக்கு எட்டாமல் நழுவிய ஒன்றை, காலையில் பழையது குடித்துவிட்டுப் பஸ் பிடித்து வந்து, காது அடைக்கும் சத்தத்தில் ஒரே மாதிரிப் பலகையை மாலை வரை தள்ளுகிற பையனிடம் நொடிக்கு நொடி எதிர்பார்க்கிறோம். மனம் அலையும் என்பது நம் சமயங்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட உண்மை. அதை ஒப்புக்கொண்டவன் கார்டு மாட்டுவான். மாட்டாமல் கவனத்தை மட்டும் கேட்கிறவன், மனித மனத்தைப் பற்றித் தன் சமயம் சொன்னதை நம்பாதவன்.

இதைச் சொல்வதால் வேலை செய்கிறவனுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. செய்முறை என்று ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பது எங்கள் கடமை, கற்றதைக் கைவிடாதிருப்பது அவன் கடமை. என் பட்டறையில் ஓர் அடிக்குக் குறைந்த துண்டு சர்ஃபேஸ் பிளேனருக்குப் போகாது. நீளமான பலகையாகவே இழைத்துவிட்டுப் பிறகு துண்டு போடுவோம். ஒரு தள்ளலுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ மாட்டோம். பலகையின் குழிந்த பக்கம் கீழே இருக்கும். மரத்தின் இழை ஓட்டத்தைப் பார்த்து, அதோடு சேர்ந்து தள்ளுவோம். எதிர்த்துத் தள்ளினால் மரம் பிய்ந்து எகிறும். பின் டேபிள் பிளேடின் உச்சிக்குச் சரிமட்டமாக இருக்கிறதா என்று சட்டம் வைத்துப் பார்த்த பிறகே சுவிட்ச் போடுவோம்.

அகலப் பக்கத்தை இழைக்கும்போது கை பலகையைத் தொடாது. அடியில் ரப்பர் ஒட்டி, பின்னால் குதி வைத்த தள்ளுகட்டைதான் தொடும். அதை ஒரு மரத் துண்டிலிருந்து எந்த ஆசாரியும் கால் மணி நேரத்தில் செய்துகொள்ளலாம். கட்டைவிரலைப் பலகையின் பின்முனையில் கொடுத்துத் தள்ளும் பழக்கம் இழைப்புளிக் காலத்திலிருந்து நம் உடம்பில் ஊறியது. அந்த ஒரு பழக்கத்தை மறக்கடிப்பதுதான் புதுப் பையனுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம்.

மழுங்கிய பிளேடு கூர்மையான பிளேடைவிட ஆபத்து. அதில் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தும் கைதான் வழுக்கும். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகும் பிளாக் சிறிது நேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். திக்னஸ் பிளேனரில் பலகையை ரோலரே இழுத்துக்கொள்வதால் ஆபத்து குறைவு என்று நினைக்கக் கூடாது. அது பலகையைத் திருப்பி எறியும். அதனால் நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். இரண்டு ரோலருக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடக் குட்டையான துண்டை உள்ளே விடக் கூடாது. சிக்கிய சீவலை எடுக்க, ஓடும்போது விரலை விடவே கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிவரும் பழைய தேக்கில், நூறு வருஷத்துக்கு முந்தைய இரும்பாணிகள் தலை தெரியாமல் புதைந்திருக்கும். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குக் கொண்டுபோவோம். பிளேடில் ஆணி பட்டால் தெறிப்பது இரும்பு, அது கண்ணைத்தான் தேடிவரும்.

சமயமும் மெஷினும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று உண்டு. அது கையில் கட்டிய கயிறு. பிளேனருக்கு முன் கையுறை கூடாது, மோதிரம் கூடாது, தொங்கும் துண்டு கூடாது. சுழலும் எதிலும் துணி மாட்டினால் அது ஆளையே இழுக்கும். கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறும் மாட்டினால் அப்படித்தான் இழுக்கும். கயிற்றை எடுக்கச் சொன்னபோது என்னிடம் வேலை பார்த்த ஒரு தம்பி முகம் வாடிவிட்டான். அப்பத்தா கட்டிவிட்டது என்றான். அவன் அப்பத்தாவிடமே போய்ப் பேசினேன். "மணிக்கட்டுல இருந்தாத்தான் சாமி பாக்குமாப்பா? தோளுக்குக் கீழ கட்டிட்டாப் போச்சு" என்று அவரே அவிழ்த்து, சட்டைக் கைக்குள் அடங்கும்படி மேல் கையில் கட்டிவிட்டார். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். மாலையைக் கழற்ற வேண்டாம், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாலையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒருவர்கூட இதில் தெய்வக் குற்றம் கண்டதில்லை. கடவுளை நம்புகிறவர்களுக்குக் கையைக் காப்பது நம்பிக்கைக் குறைவாகத் தோன்றுவதில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

என்னோடு தொழில் கற்ற கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பைபிளில் ஓர் இடத்தைக் காட்டினார். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. வைக்காமல் யாராவது விழுந்தால், இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும். வேதத்துக்குள்ளேயே ஒரு கார்டு! இதற்குப் பழைய யூத அறிஞர்கள் தல்மூதில் ஒரு விளக்கம் சொல்லியிருப்பதைப் பின்னால் படித்தேன். விழுந்தவன் விழ வேண்டியவனாகவே இருந்திருக்கலாம், ஆனாலும் அந்தக் கேடு உன் வழியாக அவனுக்கு வரக் கூடாது என்பது அதன் சாரம். விதியை மறுக்காமலே பொறுப்பை இவ்வளவு தெளிவாக யாரும் பிரித்துக் காட்டி நான் கண்டதில்லை.

நம் சைவ சித்தாந்தமும் இதே இடத்துக்குத்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வினை மூன்று வகை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இன்று செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். விரலை இழந்த பையனின் வேதனையை அவன் பிராரத்தம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் கார்டைக் கழற்றிப் பரணில் போட்டவர் அன்று செய்தது சந்தேகமில்லாமல் ஆகாமியம். அது அவர் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்தவனுடைய வினையைப் பேசுவதற்கு முன் நம்முடைய வினையைப் பார்க்கச் சொல்வதற்குத்தான் இந்தப் பாகுபாடே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கார்டைக் கழற்றுகிறவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரிபேட் எடுக்க இடைஞ்சல், தடித்த சட்டத்துக்கு இடம் போதாது, சீவல் அடைக்கிறது, வேலை ஓடாது என்பார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கழற்ற வேண்டியிருந்தால், அந்த வேலை முடிந்ததும் மாட்ட வேண்டியதுதானே? நடப்பது அதுவல்ல. ஒரு தடவை கழற்றியது பத்து வருஷம் பரணில் கிடக்கிறது. இதைக் கேட்க வருகிற ஆளும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21ஆம் பிரிவில், இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலைக் கணக்கில் வரும் என்றும் சொன்னது. எங்கள் பட்டறைகளில் இருப்பது நாலு பேர், ஐந்து பேர். சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் முதலாளியின் மனசாட்சி மட்டும்தான் ஆய்வாளர்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, மோதிர விரலுக்கு 7. சட்டத்துக்கு ஏதோ ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உளி பிடிக்கும் கையில் கட்டைவிரல் இல்லாதவனுக்கு 70 சதவீதத் தச்சு வேலை மிச்சமிருக்கும் என்று எந்த ஆசாரியும் ஒப்புக்கொள்ள மாட்டான். அந்தத் தம்பி இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் பொருள் எடுத்துக் கொடுக்கிறான். மரத்தைத் தடவிப் பார்த்தே இழை ஓட்டத்தைச் சொல்லக்கூடிய கை அவனுக்கு இருந்தது.

ஆகவே என் முடிவு இது. விதி என்பது துன்பப்பட்டவனின் சொல். அவனும் அவன் தாயும் அதைச் சொல்லி அழலாம், ஆறலாம். தடுத்திருக்கக்கூடிய இடத்தில் நின்றவனுக்கு அந்தச் சொல்லின்மேல் உரிமை கிடையாது. அதைத் தன் வாயால் சொல்ல விரும்புகிற முதலாளி முதலில் தன் கையால் செய்ய வேண்டியது அனைத்தையும் செய்து முடித்திருக்க வேண்டும். கார்டு மாட்டியிருந்து, தள்ளுகட்டை கொடுத்திருந்து, பிளேடு தீட்டியிருந்து, பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருந்து, அதற்கும் மேல் ஒன்று நடந்தால், அப்போது விதி என்று சொல்லட்டும். நானும் கூட நின்று சொல்கிறேன்.

பட்டறை வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று, நம் மெஷின்கள் எல்லாம் முழுதாக ஓய்ந்திருக்கும். துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். இந்த வருஷம் சந்தனக் கிண்ணத்தை எடுப்பதற்கு முன் பரணில் ஏறுங்கள். கார்டை இறக்கி, தூசி தட்டி, எண்ணெய் விட்டு, அதன் இடத்தில் மாட்டுங்கள். உடைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பொட்டை அந்தக் கார்டின் மேல் வையுங்கள். மறுநாள் மெஷினை ஓட்டும்போது அதைக் கழற்றாதீர்கள்.